டர்பனில் இனம் பார்த்துக் கடைக்கு இடம் மறுத்தால் என்ன செய்வது?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பலகாரக் கடை நடத்தும் நீங்கள், கடைக்கு இன்னொரு இடம் வாடகைக்குக் கேட்டபோது "இந்தியர்களுக்கு இல்லை" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்ததாகவும், வழக்குப் போட வக்கீல் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வக்கீல் கட்டாயமில்லை. தென்னாப்பிரிக்காவின் 2000-ம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் உண்டு. அங்குள்ள கிளார்க்கிடம் புகார்ப் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுங்கள், கட்டணம் கிடையாது. முதற்கட்ட ஆதாரத்தை நீங்கள் காட்டிவிட்டால், பாகுபாடு நடக்கவில்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பாடு. அதனால் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதியும் எண்ணும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். (1897-ல், டர்பன் அடங்கிய அன்றைய நேட்டால் காலனியில் வந்த வணிக உரிமச் சட்டத்தில், உரிமம் மறுத்தால் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழியில்லாமல் இருந்தது. நம் முன்னோர் பட்ட பாடு!)

அப்புறம், அரசு டெண்டர் கேட்பதாக இருந்தால், நிறவெறி ஆட்சியில் ஒதுக்கப்பட்டோரைத் தொழிலில் முன்னேற்ற வந்த கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தில் தென்னாப்பிரிக்கக் குடிமக்களாகப் பிறந்த இந்தியரும் 'கறுப்பினத்தவர்' கணக்கில்தான் வருவார்கள்.