எந்தக் கல், எந்த அமிலம்? பாறைச் சிதைவும் கார்பனும்: கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளாக ஆற்று நீரைப் புட்டியில் பிடித்து, அதில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். அதில் பாதிக் காலம் கோதாவரிக் கரையில் கழிந்தது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: கேள்வியில் எண் வந்தால், அது கார்பன் டன்னா, கார்பன் டை ஆக்சைடு டன்னா என்று சேர்த்து எழுதுங்கள். 12 டன் கார்பன் என்றால் 44 டன் கார்பன் டை ஆக்சைடு. இதைக் கவனிக்காமல் நடந்த சண்டைகள் ஏராளம்.

கே (கல்லூரி மாணவி, திருச்சி): அம்மா, பாறை எப்படிக் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்? வெயிலிலும் குளிரிலும் பாறை வெடிப்பதுதான் சிதைவு என்று பள்ளியில் படித்தோம்.

ப: வெடிப்பது முன்வேலை. கற்கண்டைத் தட்டிப் போட்டால் சீக்கிரம் கரைகிறதல்லவா, அதற்காகத்தான் அது. உண்மையான வேலை கரைவதில் இருக்கிறது. மழைநீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, 5.6 அளவு பி.எச். உள்ள மெல்லிய அமிலமாக இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால் அங்கே அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அந்தத் தண்ணீர் பாறையை அரித்துக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடுங்கிக்கொள்ள, அமிலம் பைகார்பனேட் ஆகிறது. ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே சிப்பியும் பவளமும் நுண்ணுயிரிகளும் அதை ஓடாகக் கட்டிக்கொள்கின்றன. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கிறார்களே சுண்ணாம்புக்கல், அது கிரெட்டேசியக் காலக் கடலில் இப்படிப் படிந்ததுதான்.

இப்போது கணக்கு. பாறை சிலிக்கேட் வகையானால் (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமங்களால் ஆனது, கிரானைட் போல), ஒரு கால்சியத்துக்கு இரண்டு கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது. கடலில் ஓடு உருவாகும்போது ஒன்று திரும்பி வெளியே வருகிறது. மிச்சம் ஒன்று. பாறை சுண்ணாம்புக்கல்லானால் ஒன்று போகிறது, ஒன்று திரும்புகிறது. மிச்சம் பூஜ்யம். இரண்டு ஆற்றிலும் தண்ணீர் ஒரே மாதிரி பைகார்பனேட் காட்டும். ஆகவே ஆற்றில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தக் கல் கரைந்தது, எந்த அமிலம் கரைத்தது என்று கேளுங்கள். இன்று இதைப் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே (நாசிக்கில் வேலை பார்ப்பவர்): கோதாவரி கார்பனை நிறைய இழுக்கிறது என்கிறார்களே, ஏன்?

ப: நீங்கள் நிற்கும் தரைதான் காரணம். திரியம்பகத்தில் பிறந்து, மகாராஷ்டிரத்தைத் தாண்டும் வரை கோதாவரி பெரும்பாலும் தக்காணப் பசால்ட்டின் மேல் ஓடுகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டிய எரிமலைக் குழம்பு அது. இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. பசால்ட்டில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. அதிலுள்ள கனிமங்கள் அதிக வெப்பத்தில் உருவானவை, மேற்பரப்பின் ஈரத்தில் நிலைக்காதவை, அதனால் எளிதில் கரைபவை. உலக நிலப்பரப்பில் பசால்ட் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் சிலிக்கேட் சிதைவு உறிஞ்சும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 30 சதவீதம் அதன் பங்கு என்று 2003-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வெப்பமும் மழையும் சேர்ந்த இடத்தில் இந்தக் கல் இருந்தால் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் கோதாவரியின் பைகார்பனேட் முழுவதையும் பசால்ட்டின் பெயரில் எழுதிவிடக் கூடாது. கரிசல் மண்ணுக்குள் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) இருக்கிறது. மழைக்கு மழை அது கொஞ்சம் கரையும், கோடையில் மறுபடி கட்டும். ஆற்றுக்கு வரும் கால்சியத்தில் அதன் பங்கைக் கழிக்காமல் எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று நான் எழுதியது.

கே: கோவில்பட்டிக் கரிசலும் அந்தப் பசால்ட்டிலிருந்து வந்ததா, ஐயா?

ப: இல்லை. அங்கே அடியில் இருப்பது நைஸ், ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் உருமாற்றிய வரிப் பாறை. எரிமலை இல்லாமலும் கரிசல் உருவாகும். நான் ஐயா அல்ல, அம்மா.

கே (சென்னை): அப்படியானால் புவி வெப்பமாதலைப் பாறைகளே தீர்த்துவிடும் அல்லவா?

ப: தீர்க்கும், உங்களால் காத்திருக்க முடிந்தால். சூடு ஏறினால் மழை கூடும், கரைவது கூடும், கார்பன் டை ஆக்சைடு குறையும், சூடு இறங்கும். பூமி பல நூறு கோடி ஆண்டுகளாகக் கொதித்தும் போகாமல், உறைந்தே கிடந்துவிடாமலும் இருப்பதற்கு இந்தப் பின்னூட்டம் ஒரு முக்கியக் காரணம் என்று வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் 1981-இல் எழுதினார்கள். அதன் வேகம்தான் சிக்கல். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் திடீரென்று கார்பன் பெருகி உலகம் 5 டிகிரிக்கு மேல் சூடேறியது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்தது. இன்று நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து நாம் விடுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன் கார்பன் (கார்பன்!). உலகின் சிலிக்கேட் பாறைகள் எல்லாம் சேர்ந்து எடுப்பது 10 முதல் 15 கோடி டன். ஏரி உடைந்து பாயும்போது சொம்பால் மொண்டு ஊற்றுகிற கதை.

கே (ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், தஞ்சாவூர்): பசால்ட்டை இவ்வளவு புகழ்கிறீர்கள். இமயமலை எழுந்ததால் சிதைவு பெருகி, அதனால்தான் உலகம் குளிர்ந்து பனியுகம் வந்தது என்று நான் முப்பது ஆண்டு பாடம் நடத்தினேன். அது தவறா?

ப: தவறு என்று சொல்லமாட்டேன், ஐயா. 1992-இல் ரேமோவும் ரடிமனும் முன்வைத்த அந்தக் கருத்து எங்கள் துறையையே உலுக்கியது. கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதம் (பழைய சிலிக்கேட் பாறை அதிகம் கரைந்தால் இது ஏறும்) கடந்த 4 கோடி ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வருவதை அவர்கள் தரப்பு சான்றாகக் காட்டியது. ஆனால் இமயத்தில், சூடேறி உருமாறிய சுண்ணாம்புப் பாறைகளிலும் அந்த விகிதம் உயர்ந்திருக்கிறது என்று பின்னர் தெரிந்தது. சுண்ணாம்பு கரைந்தால் மிச்சம் என்ன? பூஜ்யம். மேலும் இமயத்தின் சிலிக்கேட்டில் சோடியமும் பொட்டாசியமும்தான் அதிகம். அவை கடலில் ஓடாகக் கட்டாது. கங்கை எவ்வளவு கலங்கி ஓடினாலும் இந்தக் கணக்கில் வரவு குறைவு.

கே (அதே ஆசிரியர்): அப்படியானால் இமயத்துக்குப் பங்கே இல்லை என்கிறீர்களா? ஆண்டுக்கு 100 கோடி டன் வண்டல் சும்மாவா போகிறது?

ப: சும்மா போகவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியே விடையையும் காட்டிவிட்டது. கரைந்து போவதைவிட, கரையாமல் போவதுதான் இமயத்தில் முக்கியம். காட்டு இலை, வேர், மண்ணின் மக்கு எல்லாம் வண்டலோடு சேர்ந்து கங்கை, பிரம்மபுத்திரா வழியாக வங்கக் கடலின் அடியில் போய்ப் புதைகின்றன. மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் அது. இப்படிப் புதைவது, சிலிக்கேட் சிதைவால் பூட்டப்படுவதைப் போல் இரண்டு மூன்று மடங்கு என்று பிரான்ஸ்-லனோரும் டெர்ரியும் 1997-இல் காட்டினார்கள். 2007-இல் காலியும் சகாக்களும் அந்தக் கரிமப் பொருள் வழியில் மட்கிப் போகாமல் கிட்டத்தட்ட முழுவதும் அடியில் சேர்ந்துவிடுவதைக் கண்டார்கள். அமேசானில் பெரும்பகுதி வழியிலேயே மட்கிவிடுகிறது. வங்கக் கடலில் வண்டல் அவ்வளவு வேகமாக மேலே மேலே கொட்டுகிறது. இமயம் உலகைக் குளிர்வித்திருந்தால், கரைத்ததைவிடப் புதைத்ததால்தான் அதிகம். மாணவர்களிடம் சொன்னதில் பாதியைத் திருத்தினால் போதும், ஐயா.

கே (எண்ணெய்த் துறையில் இருப்பவர், துபாய்): இருவரும் ஒன்றை மறக்கிறீர்கள். மலை உயர்ந்தால் பழைய கறுப்புக் களிப்பாறைகளும் வெளியே வரும். அவற்றில் பழைய கார்பனும் பைரைட்டும் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உண்டு. மலை கார்பனை வெளியே விடவும் செய்யும்.

ப: மறக்கவில்லை, ஆசிரியரை முதலில் முடிக்கலாம் என்று இருந்தேன். நீங்கள் சொல்வது சரி. பைரைட் காற்றுப்பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தால், காற்றிலிருந்து எதையும் வாங்காமலேயே பாறையின் கார்பன் வெளிவருகிறது. தைவான் மலைகளிலும் கனடாவின் மெக்கன்சி ஆற்றுப் படுகையிலும் இதை அளந்திருக்கிறார்கள். பாறைக்குள்ளேயே இருக்கும் பழைய கரிமப் பொருளும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவது போல் அழிகிறது. அதை நேராக அளப்பது கடினம். அதனால் அந்தப் பொருளோடு ஒட்டியிருக்கும் ரீனியம் என்ற தனிமம் ஆற்றில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று உலகத் தொகையைக் கணித்தது: ஆண்டுக்கு 6.8 கோடி டன் கார்பன். எரிமலைகள் விடுவதோடு ஒப்பிடக்கூடிய அளவு. சிலிக்கேட் எடுப்பதில் பெரும்பங்கை இது தின்றுவிடுகிறது.

கே (ஆசிரியர்): அப்படியானால் மொத்தத்தில் மலை கார்பனை எடுக்கிறதா, விடுகிறதா? ஒரு சொல்லில் சொல்லுங்கள்.

ப: மலைக்கு மலை மாறும். மன்னியுங்கள், மூன்று சொல்லாகிவிட்டது. கறுப்புக் களிப்பாறை மலை விடுகிறது. பசால்ட் மலை எடுக்கிறது. இமயம், என் கணக்கில், வங்கக் கடலின் தயவால் எடுக்கிறது. துபாய் நண்பர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும்.

கே (துபாய்): ஒத்துக்கொள்ளவில்லை. இமயத்தின் வெந்நீர் ஊற்றுகளைக் கணக்கில் சேர்த்தீர்களா? ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை வெந்து வாயு வருகிறதே.

ப: நேபாள ஊற்றுகளில் அது வருவது உண்மை. சேர்த்தால் என் மிச்சம் குறையும், அழியாது என்பது என் கருத்து. வேறு கேள்விகள் காத்திருக்கின்றன, இதை இங்கே நிறுத்துவோம்.

கே (கரூர்): எங்கள் பகுதிக் கிரஷர் தூளை வயலில் தூவினால் கார்பன் கிரெடிட் (காற்றிலிருந்து கார்பனை எடுத்ததற்கு விற்கக்கூடிய சான்று) கிடைக்குமா? இந்தியாவில் இப்படிச் செய்பவர்களுக்குப் பரிசு கிடைத்ததாகப் படித்தேன்.

ப: 2025-இல் 5 கோடி டாலர் பரிசு பெற்ற நிறுவனம் சிறு விவசாயிகளின் வயலில் தூவுவது பசால்ட் தூள். உங்கள் பக்கத்துக் குவாரியில் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட். (சார்னோகைட் என்ற பெயரே, கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு நம் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல்லால் வந்தது.) கட்டடத்துக்கு உறுதியான கல். உறுதியாக இருப்பது இங்கே குறை. அந்தத் தூளைத் தூவினால் மண் கொஞ்சம் மாறலாம். கிரெடிட்டை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அமோனியம் உரம் போட்ட வயலில் நைட்ரிக் அமிலம் உண்டாகும். தூளை அந்த அமிலம் கரைத்தால் கார்பன் கணக்கில் வரவு இல்லை. மண்ணில் எவ்வளவு கரைந்தது, எந்த அமிலத்தால், கரைந்தது ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அளக்காமல் கிரெடிட் விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கே (மதுரை): பாறைகள் கார்பனை எடுக்கும் என்றால் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

ப: சொம்பும் ஏரியும். மேலே பாருங்கள்.

கே: ஆற்று மணல் அள்ளுவதால் இந்தச் சுழற்சி கெடுமா?

ப: மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், கரைய மறுத்து மிஞ்சியது. ஆறு கெடும், நிலத்தடி நீர் கெடும். இந்தக் கணக்கு அவ்வளவாக மாறாது. மற்றதைச் சட்டம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கே: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் 400 என்று வந்திருக்கிறது. குடித்தால் சிறுநீரகக் கல் வருமா?

ப: மருத்துவரிடம் கேளுங்கள். 400 என்ன அலகு?

கே: மேட்டூர் போன்ற அணைகள்?

ப: கரைந்த பைகார்பனேட் மதகு வழியாகப் போய்விடும். வண்டலும் அதிலுள்ள கரிமப் பொருளும் அணையில் தங்கிவிடும். மேலே ஆசிரியரிடம் சொன்னது நினைவிருந்தால், எது நஷ்டம் என்று தெரியும்.

கே (கோவை): பாறைகள் ஆண்டுக்கு 50 கோடி டன் எடுப்பதாக ஒரு காணொளியில் சொன்னார்கள். நீங்கள் 10 முதல் 15 என்கிறீர்கள். யார் சொல்வது சரி?

ப: காணொளியில் சொன்னது எந்த டன் என்று பாருங்கள். 15-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுங்கள். 55. இதற்குத்தான் தொடக்கத்திலேயே கெஞ்சினேன்.

கே: உலகம் வெப்பமாவதைப் பாறை...

ப: ஏரி, சொம்பு.

கே (திருச்சி மாணவி): அம்மா, அடுத்த வாரம் திட்டப்பணிக்காகக் காவிரியில் மாதிரி எடுக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

ப: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கரையோரத் தேங்கலில் எடுக்காதீர்கள், ஓட்டத்தில் எடுங்கள். பாலத்திலிருந்து வாளி இறக்கினால், முதல் இரண்டு வாளியை அலசிக் கொட்டிவிடுங்கள். பைகார்பனேட்டை அன்றே, முடிந்தால் கரையிலேயே டைட்ரேஷன் (அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து அளப்பது) செய்யுங்கள். எங்கள் முதல் பயணத்தில் புட்டிகளை வாய்வரை நிரப்பாமல், வடிகட்டாமல் மூன்று நாள் விடுதி அறையில் வைத்துவிட்டோம்; ஒரு பருவத்தின் உழைப்பு வீணாயிற்று. வடிகட்டிய நீரை இரண்டு புட்டியில் பிரியுங்கள்: கால்சியம், மக்னீசியத்துக்கு உள்ளதில் சில துளி தூய நைட்ரிக் அமிலம், சல்பேட்டுக்கு உள்ளதில் எதுவும் வேண்டாம். சல்பேட்டை விட்டுவிடாதீர்கள், எந்த அமிலம் என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். ஆண்டுச் சுமையில் பெரும்பகுதி வெள்ளக் காலத்தில் போகிறது, அதனால் கோடையில் ஒருமுறை எடுத்துவிட்டு 12-ஆல் பெருக்காதீர்கள். புட்டியின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.