6வி6 இருந்த இடத்தில் 6எல்6 மாட்டலாமா?

கேள்வி: தக்கலையில் சர்ச் கொயருக்குக் கிட்டார் வாசிக்கிறேன். பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரியில் செய்த 22 வாட் வால்வு ஆம்ப். பவர் வால்வு இரண்டும் 6வி6. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் சத்தம் போதவில்லை. அதைவிடப் பெரிய 6எல்6 வால்வு மாட்டினால் சத்தம் இரட்டிப்பாகும், சாக்கெட் ஒன்றுதான் என்கிறார் வால்வு விற்பவர். மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். சாக்கெட் ஒன்றுதான், கால்களின் வரிசையும் ஒன்றுதான். ஆனால் வால்வை உள்ளேயிருந்து சூடாக்கும் ஹீட்டர் 6வி6-இல் 0.45 ஆம்பியர் இழுக்கும், 6எல்6-இன் ஹீட்டர் 0.9. இரண்டு வால்வுக்குமாக 0.9 கொடுத்துவந்த பவர் ட்ரான்ஸ்ஃபார்மரிடம் 1.8 கேட்கிறீர்கள். உடனே ஒன்றும் ஆகாது, நன்றாகவே பாடும். பல நாள் சூடேறிச் சூடேறித்தான் கருகும். அப்போது விற்றவர் ஃபோனை எடுக்கமாட்டார். வால்வில் ஓடும் கரண்டை அடக்கிவைக்கும் மைனஸ் வோல்டேஜான பயாஸும் ஒத்துவராது. உங்கள் ஆம்பில் இருப்பது ஏறக்குறைய மைனஸ் 35 வோல்ட். 6எல்6 அடங்கி நிற்க மைனஸ் 50 பக்கம் வேண்டும்.

சத்தம் இரட்டிப்பாகும் என்பது பொய். வாட்டைத் தீர்மானிப்பதில் உள்ளே இருக்கும் வோல்டேஜுக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் பெரும்பங்கு உண்டு. 22 வாட் 44 ஆனால்கூட 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கு' என்ற அளவுதான். ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் உள்ள 12 இன்ச், 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் அதே 3 டெசிபல் ஆபத்தில்லாமல் கிடைக்கும். அதைவிட மலிவான வழி, சர்ச்சில் இருக்கும் டைனமிக் மைக் ஒன்றை ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு விரல்கடை முன்னால், நடுவிலிருந்து சற்றே ஓரமாக வைத்து மிக்சருக்குக் கொடுப்பது.

ஈஎல்34 என்ற இன்னொரு பவர் வால்வைப் போடலாம் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்கவே வேண்டாம். அது ஒன்றே 1.5 ஆம்பியர் இழுக்கும்.

'செல்ஃப் பயாஸ் ஆம்பில் எது வேண்டுமானாலும் போடலாம்' என்றும் உங்களிடம் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. அவ்வகை ஆம்பில் இரண்டு வால்வின் 8ஆம் காலும் ஒரு தடித்த ரெசிஸ்டர் வழியாக, பெரும்பாலும் 250 ஓம், சேசிஸுக்குப் போகும். பக்கத்தில் ஒரு கண்டன்சர் இருக்கும். கரண்ட் கூடினால் ரெசிஸ்டரில் வோல்டேஜ் ஏறும், வால்வு தானே அடங்கும். அதனால் புது 6வி6 ஜோடியைத் திருகாணி தொடாமலே மாட்டலாம். அவ்வளவுதான். ஹீட்டர் கரண்டை அந்த ரெசிஸ்டர் குறைக்காது. 6எல்6 அங்கேயும் 0.9 தான் இழுக்கும். உங்களுடையது இந்த வகையே அல்ல. 8ஆம் கால் நேராக சேசிஸுக்குப் போகும்.

ஆகவே புது 6வி6 வாங்குங்கள். பிளேட்டில், அதாவது வால்வுக்குள் கரண்டை வாங்கும் தகட்டில், 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் ஆம்ப் இது, பழைய ரேடியோ வால்வு தாங்காது. ஜேஜே 6வி6எஸ் தாங்கும். 'மேட்ச்டு பேர்' (ஒரே அளவு கரண்ட் இழுக்கும் ஜோடி) என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மில்லிஆம்பியர் எழுதியிருக்க வேண்டும், இரண்டுக்கும் இரண்டு மூன்று மில்லிஆம்பியருக்கு மேல் வித்தியாசம் கூடாது. 'பழைய ராணுவச் சரக்கு, பிரிக்கவே இல்லை' என்பார்கள். கால்களில் சாக்கெட் கீறல் இருந்தால் பிரித்ததுதான். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, குப்பைக்குத்தான். நேராக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் போனால் சுங்கம், ஜிஎஸ்டி, கூரியர்காரரின் கிளியரன்ஸ் கட்டணம் என்று ஒன்றன்மேல் ஒன்று. கண்ணாடி உடைந்து வந்தால் கேட்க நாதியில்லை. இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

மாட்டியபின் பயாஸ் பார்த்தே ஆக வேண்டும். 8ஆம் காலுக்கும் சேசிஸுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால், மீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். 6வி6-இன் பிளேட் தாங்கும் அளவான 12 வாட்டில் 70 சதவீதம் 8.4 வாட், பிளேட்டில் 420 வோல்ட் என்றால் 20 மில்லிஆம்பியர். இதை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வால்வு செட்டில் கைபழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 400 வோல்ட் நிற்கும், அது ஆளைக் கொல்லும். கூடவே பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் எந்த டேப்பில் (லைன் வோல்டேஜுக்கு ஏற்ற இணைப்பு முனை) கட்டியிருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 220 டேப்பில் இருந்து, இரவில் லைன் 245 ஏறினால், ஹீட்டரில் 6.3-க்குப் பதில் 7 வோல்ட் வரும். எந்த வால்வும் அதில் சீக்கிரம் தேயும். 240 டேப் இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு பயாஸ் வைக்கச் சொல்லுங்கள்.