அமுக்கராவும் மரத்துப்போன மகிழ்ச்சியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலைச் சுமையால் தூக்கம் கெட்டு, சிறு விஷயத்துக்கும் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்த நாட்களில், நண்பர் ஒருவர் சொல்லி அஸ்வகந்தா காப்ஸ்யூல் எடுக்கத் தொடங்கினேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மொத்தம் 600 மில்லிகிராம். மூன்றாவது வாரத்திலேயே நல்ல தூக்கம் வந்தது. கோபம் அடங்கியது. அலுவலகத்தில் யார் என்ன சொன்னாலும் பதறாமல் இருக்க முடிந்தது. இப்போது ஐந்தாவது மாதம் நடக்கிறது.

சில வாரங்களாக வேறொன்றைக் கவனிக்கிறேன். எதுவும் என்னைத் தொடுவதில்லை. மகள் பள்ளியில் வாங்கிய பரிசைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது, "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். நெருங்கிய உறவினர் ஒருவரின் சாவுக்குப் போனபோதும் கண் கலங்கவில்லை. "நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, ஆனா இங்க இல்ல" என்கிறாள் மனைவி. மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது மூலிகையின் வேலையா, என் மனத்தின் வேலையா? பெரியவர்கள் சொல்லும் சமநிலை ஒருவேளை இதுதானா? இன்னொரு கேள்வியும் உண்டு. இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம். மனைவியும் தூக்கத்துக்காக இதையே எடுத்துக்கொள்ளலாமா?

ர.

அன்புள்ள ர.,

நான் மருத்துவன் அல்லன். ஆனால் உங்கள் கேள்வியின் பெரும்பகுதி ஒரு மருந்தைப் பற்றிய செய்திகளை எப்படி வாசிப்பது என்பதைப் பற்றியது என்பதால் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் உணர்வுகள் மரத்துப்போனதற்கு அந்த காப்ஸ்யூல் காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு, அதை நிறுத்திப் பார்ப்பதே சரியான வழி, நிறுத்திய பிறகும் இந்நிலை நீடித்தால் மூலிகையைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அமுக்கரா என்று நாம் சொல்லும் இந்தக் கிழங்கு, "மன அழுத்தத்துக்கான பழம்பெரும் மருந்து" என்ற அடைமொழியோடு இன்று விற்கப்படுகிறது. பழைய ஆயுர்வேத நூல்கள் அதை வைத்திருக்கும் இடம் சற்று வேறானது. சரக சம்ஹிதை இதை உடலுக்கு வலுவூட்டும் மூலிகைகளின் வரிசையிலும் சதைப்பற்றை வளர்க்கும் மூலிகைகளின் வரிசையிலும் சேர்க்கிறது. அறிவையும் நினைவையும் கூர்மையாக்கும் மேத்ய ரசாயனங்கள் என்று அந்நூல் தனியே எடுத்துச் சொல்பவை நான்கு: மண்டூகபர்ணி, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி. அந்த நால்வரில் அமுக்கரா இல்லை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், இதைப் பாலிலோ நெய்யிலோ எண்ணெயிலோ வெந்நீரிலோ கலந்து அரை மாதம் உட்கொண்டால், இளம்பயிருக்கு நல்ல மழை போல மெலிந்த உடலுக்கு ஊட்டம் தரும் என்கிறது. அங்கே பேசப்படுபவர் மெலிந்து இளைத்தவர். சொல்லப்படும் காலம் பதினைந்து நாள். உங்களுக்கோ ஐந்தாவது மாதம். மன அழுத்தத்தோடு இக்கிழங்கு இறுகப் பிணைக்கப்பட்டது பெரிதும் இருபதாம் நூற்றாண்டில்தான். 1947இல் சோவியத் அறிஞர் நிக்கொலாய் லாசரெவ் உருவாக்கிய 'அடாப்டோஜென்' (அழுத்தத்தைத் தாங்க உடலுக்கு உதவும் பொருள்) என்ற கருத்துக்குள் பிற்பாடு இதையும் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஆயிரமாண்டு அனுபவம் என்ற சான்றிதழை இந்தப் புதிய பயன்பாட்டுக்கும் சேர்த்து ஒட்டுவது நேர்மையாகாது.

நீங்கள் விழுங்குவது கிழங்குப் பொடியும் அல்ல. மரபாக வேர்ப்பொடி நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் வரை கொடுக்கப்படுகிறது. அதில் வித்தனோலைடு என்னும் செயல்படு பொருட்கள் பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. காப்ஸ்யூலில் இருப்பது பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சாறு. அதன் மேலுறையில் 5 விழுக்காடு, 10 விழுக்காடு, சிலவற்றில் 35 விழுக்காடு என்றுகூட அச்சிட்டிருப்பார்கள். ஆகவே "600 மில்லிகிராம்" என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. எத்தனை விழுக்காடு, வேரிலிருந்து எடுத்ததா இலையையும் சேர்த்ததா என்று உங்கள் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு இந்திய ஆயுஷ் அமைச்சகம் 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

இந்த மூலிகை மனத்தில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்குச் சில தடயங்கள் உள்ளன. அழுத்தம் நேரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்கும், அது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் செய்தி அனுப்ப, கார்ட்டிசால் என்னும் அழுத்த இயக்குநீர் சுரக்கிறது. அமுக்கரா எடுத்தவர்களிடம் கார்ட்டிசால் அளவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மூளையைச் சாந்தப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளின்மேல் இதன் சாறு செயல்படுவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தினர், இலையிலுள்ள டிரைஎதிலீன் கிளைகால் என்னும் பொருள் எலிகளுக்குத் தூக்கத்தைத் தருவதை 2017இல் காட்டினார்கள். கார்ட்டிசாலை எதிரி போலச் சித்திரிக்கும் விளம்பரங்கள்தான் எனக்கு எரிச்சலூட்டுபவை. காலையில் நம்மை எழுப்புவதிலும், ஒரு நிகழ்வு முக்கியமானது என்று உடலுக்கு உணர்த்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. பதற்றத்தைத் தணிக்கும் எதுவும் பதற்றத்தை மட்டும் தேடிப்பிடித்துத் தணிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். உங்களைப் போன்ற அனுபவத்தைப் பலர் சொல்லக் கேட்கிறோம். ஆனால் ஆய்வுகளில் அது ஏன் பெரிதாகத் தென்படவில்லை? அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2012ஆம் ஆண்டின் இந்திய ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதில் கலந்துகொண்டவர்கள் 64 பேர். நீங்கள் எடுக்கும் அதே அளவு, 300 மில்லிகிராம் இரு வேளை. காலம் 60 நாள். முடிவில் மூலிகை எடுத்தவர்களின் கார்ட்டிசால் சுமார் 28 விழுக்காடும் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குச் சுமார் 8 விழுக்காடும் குறைந்திருந்தன. அழுத்த மதிப்பெண்களும் நன்றாக இறங்கின. இந்த மதிப்பெண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் வினாத்தாள்களுள் ஒன்று, கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை எதிர்பாராத நிகழ்வால் கலங்கினீர்கள், எத்தனை முறை பதற்றமாக உணர்ந்தீர்கள் என்பன போன்ற பத்துக் கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்கிறது. மகளின் பரிசைப் பார்த்து மனம் துள்ளியதா என்று அது கேட்பதில்லை. இன்று அதை உங்களிடம் கொடுத்தால் மிகச் சிறந்த மதிப்பெண் பெறுவீர்கள், ஏனெனில் எதுவும் உங்களைக் கலக்கவில்லை.

இன்னொரு வினாத்தாள் 21 கேள்விகள் கொண்டது. எந்த நல்லுணர்வையும் உணர முடியவில்லை என்ற வாசகம் அதில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது சோர்வைக் குறிக்கும் ஏழு கேள்விகளில் ஒன்று. மற்ற ஆறும் இறங்கி இது ஒன்று மட்டும் ஏறினால், கூட்டுத்தொகை இறங்கியதாகவே பதிவாகும். ஒரு பாடத்தில் தோற்ற பிள்ளையின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மகிழ்வதைப் போன்றது இது. ஆய்வாளர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அழுத்தம் குறைகிறதா என்று தேடினார்கள், குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதோடு சேர்ந்து வேறு என்ன குறைந்தது என்பது தனியாகத் தேடவேண்டிய ஒன்று. தவிரவும் பெரும்பாலான ஆய்வுகள் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடுகின்றன. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டி வந்துவிட்டீர்கள்; அதற்கு அப்பால் உங்களுக்கு வழிகாட்டக்கூடிய ஆய்வுகள் மிகக் குறைவு.

உணர்வு மரத்துப்போவது அளக்க முடியாத மாயம் அல்ல. செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைகளை எடுப்பவர்களிடம் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. துயரம் மட்டுப்படும்போது களிப்பும் சேர்ந்து மட்டுப்படுவதாக அவர்களில் கணிசமானோர் சொல்கிறார்கள். 2023இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வொன்று, அந்த வகையைச் சேர்ந்த எஸ்சிடலோபிராம் மாத்திரையைச் சில வாரங்கள் எடுத்த ஆரோக்கியமான தன்னார்வலர்கள், பரிசு கிடைப்பதிலிருந்தும் இழப்பதிலிருந்தும் கற்றுக்கொள்ளும் கூருணர்வு குறைந்தவர்களாக இருந்ததைக் காட்டியது. அமுக்கராவும் அதே வழியில்தான் வேலை செய்கிறது என்று இதைக் கொண்டு சொல்லிவிடக் கூடாது. ஒரு மருந்து நம் உணர்வின் கீழ்முனையைத் தொடும்போது மேல்முனையையும் தொடலாம் என்பதற்கும், உங்களுக்கு நேர்ந்ததைக் கற்பனை என்று தள்ளத் தேவையில்லை என்பதற்கும் மட்டுமே இதைச் சொன்னேன்.

இனி மறுபக்கம். மகிழ்ச்சியும் ஈடுபாடும் வற்றிப்போவது மனச்சோர்வு நோயின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. மாதக்கணக்கில் நீண்ட வேலைச் சுமை, கெட்ட தூக்கம், வீட்டில் ஓயாத சச்சரவு எல்லாம் கடந்து வந்திருக்கிறீர்கள். கோபம் மேலே கொதித்துக்கொண்டிருந்த வரை அடியில் இருந்த சோர்வு உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். மூலிகை கோபத்தை விலக்கியதும் அது வெளியே தெரிந்திருக்கலாம். தைராய்டும் கணக்கில் வர வேண்டும். அமுக்கரா தைராய்டு இயக்குநீர்களை உயர்த்தக்கூடும். அது அளவு மீறினால் படபடப்பும் எரிச்சலும்தான் வரும், நீங்கள் சொல்லும் மந்தம் அல்ல. மாறாகத் தைராய்டு குறைவாக இருந்தால் இந்த மந்தம் வரலாம். ஒரு இரத்தப் பரிசோதனை இரண்டையும் தெளிவாக்கிவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நிறுத்திப் பார்ப்பதிலும் ஒரு முறை வேண்டும். நீங்களாகத் தொடங்கிய இந்த காப்ஸ்யூலை மட்டும், உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த வேறு மாத்திரைகள் எதுவும் இருந்தால் அவற்றில் கைவைக்காதீர்கள். விடுமுறை வாரத்தில் நிறுத்தாதீர்கள், பிறகு மூலிகையை விட்டதால் மனம் மலர்ந்ததா, வேலையை விட்டதாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். அன்றாடம் ஒரு வரி எழுதிவையுங்கள்: இன்று எதற்காவது சிரித்தேனா, எதற்காவது நெகிழ்ந்தேனா. உங்கள் மனைவியும் தனியாக ஒரு வரி எழுதட்டும். நான்கு வாரம் முடியும்வரை இருவரும் மற்றவர் எழுதியதைப் பார்க்க வேண்டாம். அவர் எழுதுவதை நான் கூடுதலாக நம்புவேன், ஏனென்றால் உணர்வு மரத்துப்போனவருக்கு அது திரும்புவதும் தாமதமாகத்தான் தெரியும். முதல் சில நாட்கள் தூக்கம் தடுமாறலாம், பழைய எரிச்சல் தலைகாட்டலாம். அதைப் பார்த்துப் பயந்து புட்டியை மறுபடி திறந்துவிடாதீர்கள். நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். வாழ்வதே வீண் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் நான்கு வாரம் காத்திருக்கவே கூடாது, அன்றே செல்ல வேண்டும்.

பக்கவிளைவு கிடையாது என்பவர்களுக்கு ஒரே செய்தி போதும். அமுக்கரா எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை ஐஸ்லாந்து, அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது அரிதுதான்; ஆனாலும் தோலில் அரிப்பு, கண்ணில் மஞ்சள், சிறுநீர் அடர்நிறமாதல் இவற்றில் ஏதேனும் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சமநிலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சமநிலை அடைந்தவர் சாவு வீட்டில் கலங்குவார், கலக்கத்தில் அடித்துச்செல்லப்பட மாட்டார். அவருக்குள் துக்கமும் மகிழ்ச்சியும் வந்துபோகும். உங்களிடம் அவை வருவதே இல்லை என்கிறீர்கள். அதோடு, சமநிலையை அடைந்தவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டு இன்னொருவருக்குக் கடிதம் எழுதமாட்டார் என்றும் நினைக்கிறேன். அந்தக் கவலை உங்களிடம் மிஞ்சியிருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

உங்கள் மனைவி இதை எடுக்கக் கூடாது. கருவுற்றிருப்போரும், கருத்தரிக்கத் திட்டமிடுவோரும், பாலூட்டுவோரும் அமுக்கராவைத் தவிர்க்க வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. கருச்சிதைவு குறித்த ஐயம் அதற்கொரு காரணம். அவருடைய தூக்கமின்மைக்கு என்ன காரணம் என்பதை மகப்பேறு மருத்துவரிடமே கேட்கட்டும். கடந்த சில வாரங்களாக அவருக்கு வீட்டில் பேச்சுத்துணை இல்லை என்பதையும் அப்போது அவர் சொல்லலாம்.