மிக்கல்சன் பாதை: கேள்வி பதில்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், எட்ஜ்மாண்டிலிருந்து டெட்வுட் வரை 109 மைல் ஓடுகிறது ஜார்ஜ் எஸ். மிக்கல்சன் பாதை. அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவை இவை.

கே: அண்ணா, எந்த முனையில் தொடங்கலாம்?

எட்ஜ்மாண்டில், தம்பி. வெயில், நிழலே இல்லை என்று பலர் அந்தத் தெற்குப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம். கண்ணுக்கு எட்டியவரை புல், அப்புறம் ஒன்றிரண்டு மரம், போகப்போக பாண்டரோசா பைன் காடு. இந்த மாற்றத்தை நிதானமாகப் பார்க்கத்தானே சைக்கிளில் போகிறோம்? தண்ணீர் மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் ராட்டில் ஸ்நேக் என்ற விஷப்பாம்பு கிடக்கலாம், புல்லுக்குள் காலை விடாதீர்கள்.

கே: ஏற்றத்தில் மூச்சு வாங்குமா?

இது 1890களில் போட்ட ரயில் தடம், 1983இல் ரயில் நின்றது. ரயில் ஏறிய வழி என்பதால் சரிவு பெரும்பாலும் 4 சதவீதத்துக்குள்தான். ஆனால் ஏற்றம் சீக்கிரம் முடியாது. எட்ஜ்மாண்ட் சுமார் 3,450 அடி, பாதையின் உச்சியான ட்யூமாண்ட் 6,200 அடிக்கு மேல். நடுவில் ஹில் சிட்டி பக்கம் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ட்யூமாண்டுக்குப் பிறகு டெட்வுட் வரை நல்ல இறக்கம். தரை நொறுக்கிய சுண்ணாம்புக்கல், மெல்லிய டயர் வேண்டாம்.

கே: மிக்கல்சன் யார்?

மாநில ஆளுநர். இந்தப் பாதைக்குத் துணை நின்றவர், 1993இல் விமான விபத்தில் இறந்தார். பாதை 1998இல் முழுமையடைந்தது.

கே: வழியில் கூடாரம் போடலாமா?

பாதையில் அனுமதி இல்லை. கஸ்டர், ஹில் சிட்டி போன்ற ஊர்களில் தங்கலாம். ஆகஸ்ட் தொடக்கத்தில் பக்கத்து ஸ்டர்ஜிஸில் மோட்டார் சைக்கிள் திருவிழா, அறை கிடைப்பது கஷ்டம்.

கே: குதிரையில் யாராவது எதிரே வந்தால்?

இறங்கி ஓரமாக நில்லுங்கள். குதிரைக்குக் கேட்கும்படி மெதுவாக ஒரு வார்த்தை பேசுங்கள், அது மிரளாது.

கே: பாதை போகும் பிளாக் ஹில்ஸ் மலைகள் லகோட்டா என்ற பூர்வகுடி மக்களுடையவை என்கிறார்களே?

ஆமாம். அமெரிக்க அரசு 1868 லாரமி கோட்டை ஒப்பந்தத்தில் அவர்களுக்கே உறுதி செய்த நிலம், பிறகு பறிக்கப்பட்டது. 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. பணம் வேண்டாம், மண்தான் வேண்டும் என்று இன்றுவரை அவர்கள் வாங்கவில்லை. போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நம் கடமை.

கே: எட்டு வயது மகளோடு ஒரே நாள்தான் இருக்கிறது, அக்காவுக்கு ஒரு வழி சொல்லுங்க.

மிஸ்டிக், ரோச்ஃபோர்டு பக்கம் போங்க அக்கா. ஓடை, மரப்பாலம், குகைப்பாதை எல்லாம் அங்கே உண்டு. பாதையில் போக பாஸ் வாங்க வேண்டும், 12 வயதுக்குக் கீழ் தேவையில்லை. கோடையில் பிற்பகல் இடி மின்னல் அடிக்கடி வரும், காலையிலேயே கிளம்பிடுங்க.