ஷட்டருக்குப் பின்னால் குடித்தனம்

கேள்வி: ஐயா, வேளச்சேரியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு 16,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். வீட்டுக்காரர் அடுத்த மாதத்திலிருந்து 18,000 கேட்கிறார். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் மூன்று கடைகள் நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கின்றன. 'டு லெட்' பலகையில் இருந்த போன் நம்பர்கூட வெயிலில் அழிந்துவிட்டது. அதில் ஒன்றை வீடாக்கித் தந்தால் நாங்களே போய்விடுவோம். ஏன் யாரும் செய்வதில்லை?
- வாசகி, வேளச்சேரி

பதில்: நானே 1991-ல் ஆறு மாதம் கடையில் குடியிருந்தவன், அம்மா. மேற்கு மாம்பலம். பொறியாளர் வேலைக்குச் சேர்ந்த புதிது, அட்வான்ஸ் கொடுக்கக் கையில் பணமில்லை. முன்பு தையல் கடையாக இருந்த இடம்; தரை இடுக்கெல்லாம் குண்டூசி. ஷட்டரைத் தூக்கினால் தெருவே உள்ளே வந்துவிடும், இறக்கினால் காற்று நின்றுவிடும். இரவில் ஒரு சாண் தூக்கி, அடியில் செங்கல் முட்டுக் கொடுத்துப் படுப்பேன். அந்த வழியாகப் பூனை வரும், அது போகட்டும். கழிப்பறை பின்பக்கம், ஐந்து கடைக்கு ஒன்று. சாவி டீக்கடை ஆணியில் தொங்கும். ஒன்பதரைக்கு அவர் கடையைச் சாத்திவிட்டால் விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஆகவே முதல் சிக்கல் குழாய். கடைக்குள் சமையலுக்குத் தண்ணீர் வரவும் கழிவுநீர் போகவும் வழி இருக்காது. தரையை உடைத்து, வாட்டம் கொடுத்து பைப் போட வேண்டும். ஜன்னல் வைக்கலாமென்றால் பின்சுவரை ஒட்டி அடுத்த கட்டடம் நிற்கும். அப்புறம் காகித வேலை: வணிகத்துக்கென்று அனுமதி வாங்கிய இடத்தைக் குடியிருப்பாக்க மறுபடி அனுமதி. மின் இணைப்பையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடையாது, கடைக்கான கட்டணம்தான்.

இவ்வளவு செலவு செய்ய உரிமையாளருக்கு மனசு வர வேண்டுமே. 25,000 வரும் என்று காட்டி வங்கிக் கடன் வாங்கியிருந்தால், 10,000-க்கு விட்டதும் கடையின் மதிப்பும் இறங்கிவிடும். பக்கத்துக் கடைக்காரரும் வாடகையைக் குறைக்கச் சொல்வார். பூட்டியே வைத்தால் 'நல்ல பார்ட்டி வரும்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இங்கிலாந்தில் 2013-ல் இந்தக் காகித வேலையைக் குறைத்து, முழுத் திட்ட அனுமதி இல்லாமலே அலுவலகங்களை வீடாக்கலாம் என்று விட்டார்கள். வீடுகள் வந்தன, ஜன்னலில்லாத அறைகளும் சேர்ந்தே வந்தன. பிறகுதான் இயற்கை வெளிச்சம் வேண்டும், குறைந்தது 37 சதுர மீட்டர் வேண்டும் என்று விதி போட்டார்கள். நம் கணக்கில் சுமார் 400 சதுர அடி. உங்கள் கீழ்க்கடையை ஒருமுறை அளந்து பாருங்கள்.

கேள்வி: வீட்டுப் பற்றாக்குறை என்கிறார்கள். ஆனால் எங்கள் அப்பார்ட்மென்டில் பாதி வீடு இருட்டாகவே இருக்கிறதே?
- வாசகர், சிறுசேரி

பதில்: இரண்டும் உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலி. அடுத்த வருடமே மத்திய அரசின் நிபுணர் குழு 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் ஏறக்குறைய 1.5 கோடி, வீடு இருந்தும் கல்யாணமான மகனுக்கும் மருமகளுக்கும் தனி அறை இல்லாத குடும்பங்கள். அவர்கள் ஹாலில் பாய் விரிக்கிறார்கள். உங்கள் இருட்டு வீடுகள் அவர்கள் வாங்கக்கூடிய விலையிலா இருக்கின்றன?

கேள்வி: திருச்சியில் 9,000-க்கு இரண்டு படுக்கையறை வீடு கிடைக்கிறது. கணவர் வாரம் ஒருநாள் மட்டும் கிண்டி ஆபீசுக்கு வந்தால் போதும். மாறிவிடலாமா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இப்போது என்ன வாடகை கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 16,000 என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 7,000. மாதம் நான்கு முறை போக வர, ஒரு தடவைக்கு 1,500 என்றால் 6,000 பஸ்ஸிலேயே போய்விடும். 1,000 ரூபாய்க்காக வாராவாரம் 330 கிலோமீட்டர் போய்த் திரும்ப அவருடைய முதுகு சம்மதிக்குமா என்று கேளுங்கள். அம்மா, அப்பா திருச்சியில் இருக்கிறார்கள் என்றால் கணக்கே வேறு. இல்லையென்றால் முதலில் செங்கல்பட்டில் தேடுங்கள். மின்சார ரயில் கிண்டியிலேயே நிற்கிறது. சீசன் டிக்கெட்டுக்குச் சில நூறு ரூபாய்தான்.

எந்த ஊரானாலும் வீட்டை மே மாதத்தில், காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். புரோக்கர் பதினொரு மணிக்கு வரச் சொல்வார், போகாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். தெருவில் தண்ணீர் லாரி வருமா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். அட்வான்ஸ் விஷயத்தில், 2017-ல் இயற்றிய தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.