கதைத்ததைக் கேட்காமல், யாருக்கு அழைத்தோம் என்ற பதிவை மட்டும் அரசு எடுத்தால் என்ன பிழை? குற்றம் செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்?

என் அப்பாவின் சி.ஆர். கொப்பியில் இருந்து தொடங்குகிறேன்.

2006, 2007 யுத்த காலத்தில் அப்பா மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கொம்யூனிகேஷன் கடை வைத்திருந்தார். அப்போது எல்லார் கையிலும் போன் இல்லை. கட்டார், சவூதி போன பிள்ளைகளோடு கதைக்க ஊர்ச் சனம் எங்கள் கடைக்குத்தான் வரும். கதைத்து முடிந்ததும் அப்பா கொப்பியில் எழுதுவார்: திகதி, நேரம், எடுத்த இலக்கம், எத்தனை நிமிடம், எவ்வளவு காசு. கடன் சொல்லிப் போகிறவர்களுக்கு மட்டும் பக்கத்தில் பெயர். என்ன கதைத்தார்கள் என்று அதில் ஒரு சொல்லும் இருக்காது.

நான் அப்போது ஓ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் கணக்குக் கூட்டிக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் பக்கம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. காலை ஏழேகாலுக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரி இலக்கம், இரண்டு நிமிடம். ஏழே முக்காலுக்குத் திரும்பவும் அதே இலக்கம், ஒரு நிமிடம். எட்டு மணிக்கு சவூதி, இருபத்திரண்டு நிமிடம். எட்டரைக்குப் பந்தல்காரர். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து கொப்பியைக் கேட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அப்பா கேட்கவில்லை. அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை. ஒரு கிழமைக்குள், உழவு மெசின் ஓட்டும் ஒரு அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாலு நாள் தொடர்ந்து அவர் வவுனியா இலக்கம் ஒன்றுக்கு எடுத்திருந்தார். கண் சத்திரசிகிச்சைக்குப் போன அவருடைய அம்மா தங்கியிருந்த லொட்ஜின் இலக்கம் அது. இதை விளங்கப்படுத்தி வெளியே வர அவருக்கு இரண்டு நாள் எடுத்தது. "நான் எழுதி வைச்சபடியாத்தானே அந்தப் பொடியனைக் கொண்டு போனவங்க" என்று அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு நாளும் கணக்கைக் கூட்டி முடித்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து அம்மாவின் அடுப்புக்குள் வைப்பார்.

அரசு அழைப்புப் பதிவுகளை மொத்தமாக எடுப்பது பற்றி அமெரிக்காவில் நடந்த விவாதமும் இந்தக் கொப்பியைப் பற்றியதுதான், அளவு மட்டும் பெரியது. 2013 ஜூனில், அமெரிக்க உளவுத்துறைக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணத்தை பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை வெளியிட்டது. வெரிசோன் என்ற போன் கம்பனி தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை நாள்தோறும் தேசிய பாதுகாப்பு முகவரகம் என்ற உளவு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற இரகசிய நீதிமன்றக் கட்டளை அது. 2001 தாக்குதலுக்குப் பிறகு கொண்டுவந்த தேசபக்திச் சட்டத்தின் 215ஆம் பிரிவைத்தான் அதற்கு ஆதாரம் காட்டினார்கள். உங்கள் போன் உரையாடலை யாரும் கேட்கவில்லை என்று ஜனாதிபதி ஒபாமா சொன்னார். அது உண்மை. நான் படித்த பக்கத்திலும் உரையாடல் இல்லை.

எனக்கு அதில் அதிகம் உறுத்துவது "மூன்று தாவல்" என்ற முறை. சந்தேகத்துக்குரிய ஓர் இலக்கத்தில் தொடங்கி, அதோடு தொடர்புபட்ட இலக்கங்கள், அவற்றோடு தொடர்புபட்டவை, பிறகு அவற்றோடும் தொடர்புபட்டவை என்று மூன்று அடுக்கு போகலாம். ஒருவர் நாற்பது பேரோடு கதைத்தார் என்று வைத்தால் மூன்றாவது அடுக்கில் 64,000 பேர். இடையில் எங்கள் கடை மாதிரி ஒரு பொது இலக்கம் வந்துவிட்டால், ஒரே தாவலில் ஊர் முழுக்க அந்த வலைக்குள் வந்துவிடும். 2014இல் ஒபாமா இதை இரண்டு தாவலாகக் குறைத்தார்.

அங்குள்ள நீதிமன்றங்களும் ஒத்துப்போகவில்லை. 1979இல், கொள்ளைச் சந்தேக நபர் ஒருவர் தன் வீட்டு போனில் சுழற்றிய இலக்கங்களைப் பொலிஸ் பதிவு செய்தது சரி என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்திருந்தது. ஒரு தனி ஆளைப் பற்றிய அந்தத் தீர்ப்பை முழு நாட்டுக்கும் பொருத்தலாமா என்பதுதான் சண்டை. 2013 டிசம்பரில் ஒரு நீதிபதி முடியாது என்றார். அதே மாதம் இன்னொருவர் முடியும் என்றார். 2015 மே மாதம், மொத்தமாக அள்ளுவதற்கு 215ஆம் பிரிவு இடம் தரவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. அடுத்த மாதமே சட்டத்தை மாற்றினார்கள்.

சரி, பாதுகாப்புக்கு அது உதவியதா? அமெரிக்க அரசே அமைத்த அந்தரங்க மேற்பார்வைச் சபை இரகசிய ஆவணங்களையும் பார்த்துவிட்டு 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவையாவது இந்தத் திட்டம் மாற்றியதாகத் தாங்கள் காணவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் எங்கள் மட்டக்களப்பிலும் நடந்தது. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் செத்தார்கள். அந்த வழியால் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் அன்று இல்லாமல் போனது தகவலா? ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டு உளவுத்துறையின் எச்சரிக்கை கொழும்புக்கு வந்திருந்தது. அதன்மேல் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதற்காகத்தான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கையில் வந்த ஒரு கடிதத்தைக் கவனிக்காதவர்களுக்கு இரண்டு கோடிப் பேரின் அழைப்புப் பட்டியலைக் கொடுத்து என்ன காண்பது?

சந்தேக நபர் ஒருவரின் பதிவை, காரணம் காட்டி, நீதவானின் கட்டளையோடு எடுக்கட்டும். அதை நான் முழுமனதாக ஏற்கிறேன். குற்றம் செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டீர்கள். அந்த அண்ணா ஒரு குற்றமும் செய்யவில்லை. இலக்கம் தன்பாட்டில் ஒன்றும் சொல்லாது, அதைப் பார்க்கிறவர்தான் அதற்குக் கதை கட்டுகிறார். அந்தக் கதையைப் பொய் என்று காட்டும் வேலை உங்கள் தலையில் விழும், அதுவும் உங்களுக்குத் தெரியாத மொழியில், தெரியாத ஓர் அறைக்குள்.

எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை இன்னும் இல்லை. 2022இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தேசிய பாதுகாப்புக்கு விலக்கு இருக்கிறது. இன்று சிம் எடுக்க அடையாள அட்டை கொடுக்கிறோம், அதனால் அப்பா கடன்காரருக்கு மட்டும் எழுதிய பெயர் இப்போது எல்லா இலக்கத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இந்தச் சண்டைக்குப் பிறகு, எத்தனை பேரைக் குறிவைத்து இப்படிப் பதிவு எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வைத்தார்கள். இங்கே மாவட்டவாரியாக அந்த எண்ணிக்கையைப் பாராளுமன்றத்தில் வைக்கச் சொல்லி எங்கள் எம்.பி.மாரிடம் கேளுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், மட்டக்களப்பில் போன வருடம் எத்தனை பேருடைய பதிவு, அதில் எத்தனைக்கு நீதவானின் கட்டளை இருந்தது, இந்த இரண்டு இலக்கம் போதும்.