72 எப்படி 80 ஆனது?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகச் செய்கிறாள். எண்களைப் பத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் மட்டும் தப்பு. 42-க்கு 40 என்று சொல்லாமல் 50 என்கிறாள், 61-க்கு 60 என்று சொல்லாமல் 70 என்கிறாள். இரண்டு டியூஷன் மாற்றியாயிற்று. அவள் அப்பா 'இவளுக்குக் கணக்கே வராது' என்று கத்துகிறார். போன பரீட்சையில் கணக்கில் 72 வாங்கினாள். நாத்தனார் மகனுக்கு 95. நாத்தனார் போன் செய்து இவளிடம் மார்க்கைக் கேட்டபோது, 'கிட்டத்தட்ட எண்பதுன்னு சொல்லு' என்று நான்தான் ஜாடை காட்டிச் சமாளித்தேன். இந்த ரவுண்டிங்கை இவளுக்கு எப்படித்தான் புரியவைப்பது?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உங்கள் மகளுக்கு ரவுண்டிங் நன்றாகவே புரிந்திருக்கிறது அம்மா. நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்கிறாள். அவளுக்கு 42 என்றால் 50, 61 என்றால் 70. உங்களுக்கு 72 என்றால் 80. மூன்றும் ஒரே கணக்கு, ஒரே வாத்தியார்.

போகிற போக்கில் அந்த ஜாடையை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளைகள் மறந்துவிடும். அம்மா போனில் என்ன சொல்லச் சொன்னாள் என்பது மட்டும் நெஞ்சில் நிற்கும். பள்ளியில் 'கிட்டத்தட்ட' என்றால் எது கிட்டவோ அது. 72-லிருந்து 70-க்கு இரண்டு அடி, 80-க்கு எட்டு அடி. உங்கள் வீட்டில் 'கிட்டத்தட்ட' என்றால் மேலே ஏற்றிச் சொல்வது. இரண்டில் எதை அந்தக் குழந்தை நம்பும்?

வகுப்பறைக்கும் இதில் பங்கு உண்டு. 'அடுத்த பத்துக்கு மாத்து' என்று சொல்லியே பல பேர் நடத்துகிறோம். நானும் அப்படிச் சொல்லி நடத்தியவள்தான். பழைய தமிழில் 'அடுத்த' என்றால் பக்கத்தில் இருப்பது. இன்றைக்குக் குழந்தையின் காதில் அது 'இனி வரப்போவது' என்றுதான் விழும். 42-க்கு அடுத்தது 50தானே? அவள் தமிழில் தப்பே இல்லை. இன்றிலிருந்து 'பக்கத்துப் பத்து' என்று சொல்லுங்கள்.

நோட்டை மூடிவிட்டு வாசலுக்கு வாருங்கள். கோலப்பொடியில் ஒரே வரிசையாகப் பதினோரு புள்ளி வையுங்கள். முதல் புள்ளி 40, கடைசிப் புள்ளி 50. அவளை 42-இல் நிற்க வையுங்கள். 'மழை வருது, எந்த வீட்டுக்கு ஓடுவே?' என்று மட்டும் கேளுங்கள். விதி எதுவும் சொல்ல வேண்டாம். 43, 47, 49 என்று மாற்றி மாற்றி நிறுத்துங்கள். நான்கைந்து முறையில் காலே கணக்குப் போட்டுவிடும். பிறகு 45-இல் நிறுத்துங்கள். அங்கே முழிப்பாள். முழிக்கட்டும், உடனே வாயைத் திறக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி. அங்கே சரியென்றும் தப்பென்றும் எதுவும் கிடையாது. 'நடுவில் நின்றால் மேலே போவோம்' என்று பள்ளியில் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். சில கணினி மொழிகளில் 45-ஐ 40 என்றும் 55-ஐ 60 என்றும் எடுத்துக்கொள்ளும் வேறு ஏற்பாடு உண்டு. இதை ஏற்பாடு என்றே அவளிடம் சொல்லுங்கள். 'ஐந்து வந்தா மேலே' என்று மொட்டையாக மனப்பாடம் செய்யவைப்பதால்தான் 'மேலே' மட்டும் மனதில் தங்கிவிடுகிறது.

கீழேயும் போகலாம் என்பதற்குச் சாட்சி உங்கள் சமையலறையிலேயே இருக்கும். சூப்பர் மார்க்கெட் பில்லின் அடியைப் பாருங்கள். கூட்டுத்தொகை 412.38 என்றால் 'ரவுண்ட் ஆஃப்' என்று போட்டு, மைனஸ் குறியோடு 0.38 கழித்து 412 ஆக்கியிருப்பார்கள். 412.63 என்றால் பிளஸ் 0.37 சேர்த்து 413. ஒரு மாதப் பில்களை அவள் கையில் கொடுத்து பிளஸ் எத்தனை, மைனஸ் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.

எப்போதும் மேலேதான் போகவேண்டிய இடமும் உண்டு. 81 பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள், ஒரு பஸ்ஸில் 40 இருக்கை என்றால் மூன்று பஸ் வேண்டும். 2.025 என்பது 2-க்குத்தான் பக்கம் என்று ஒரு பிள்ளையை விட்டுவிட்டா போவோம்? அதே மாதிரி 70 ரூபாயை எடுத்துக்கொண்டு, ஒன்று 12 ரூபாய் என்று எழுதுகிற நோட்டு வாங்கப் போனால் ஐந்துதான் கிடைக்கும், 5.83 என்பது ஆறுக்குப் பக்கம் என்று கடைக்காரரிடம் வாதாட முடியாது. எதற்காக முழுமையாக்குகிறோம் என்று கேட்கப் பழக்குங்கள். ஆறாம் வகுப்பு வந்ததும் இன்னொரு குழி காத்திருக்கிறது: 446-ஐ நூறுக்கு முழுமையாக்கச் சொன்னால், முதலில் 450 ஆக்கி, அதைப் பிடித்துக்கொண்டு 500 என்பார்கள். விடை 400. ஏற்கெனவே மாற்றிய எண்ணை மறுபடி மாற்றக் கூடாது. ஊர்வாயில் விழுந்த செய்தி பெருப்பதும் இப்படித்தான்.

ஊர் என்றதும் ஒரு கதை. 1802-இல் நம் பரங்கிமலைப் பக்கம், முழு அளவைக்கும் ஆதாரமான முதல் கோட்டை அளந்து தொடங்கிய நில அளவை, இமயம் வரை போய், 1856-இல் எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தது. கணக்கில் வந்தது சரியாக 29,000தான், குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்று இரண்டு அடி சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். அங்கேயும் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலைதான். ஆனால் அது மலை. அதற்குக் காது கிடையாது. உங்கள் மகளுக்குக் கண்ணும் காதும் உண்டு. 72 போதாது, வெளியே சொல்ல வெட்கம் என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்திருக்கும். உங்கள் கணவரோ அதே 72-ஐப் பூஜ்ஜியமாக்கிவிட்டார். 72-ஐ 72 என்று சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆளில்லை!

நாத்தனார் மகன் 95 வாங்கினால் வாங்கட்டும். அக்கம்பக்கத்தில் யாரிடம் எதை மறைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. அத்தை அப்படியா? நாளைக்கு இந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்கவேண்டியவர். அவரிடம் எட்டு மதிப்பெண் பொய் சொல்லி என்ன சம்பாதித்தீர்கள்? அதையும் குழந்தை வாயாலேயே சொல்லவைத்திருக்கிறீர்கள். அதற்குத்தான் எனக்குக் கோபம்.

மூன்றாவது டியூஷன் தேட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு நாத்தனாரைக் கூப்பிடுங்கள். '72தான் அண்ணி, நான்தான் கூட்டிச் சொல்லச் சொன்னேன்' என்று நீங்களே சொல்லுங்கள். அவர் ஏதாவது குத்திப் பேசினால் வாங்கிக்கொள்ளுங்கள். கணவரையும் கூடத்திலேயே உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்த பரீட்சையில் 68 வந்து, அவளாகவே 'கிட்டத்தட்ட எழுபது அத்தை' என்று சொன்னால் மட்டும் திட்டிவிடாதீர்கள். அது சரியான விடை.